நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கு மருத்துவக் காப்புறுதி: தகுதியைச் சரிபார்ப்பது எப்படி?

"எனக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது, இனிமேல் மெடிக்கல் கார்டு (மருத்துவமனைச் செலவை ஏற்கும் காப்புறுதி அட்டை) எடுக்க முடியுமா?" என்ற கேள்வி பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் நம் குடும்பங்களில் அடிக்கடி எழுகிறது. தாராளமாக எடுக்கலாம் என்று ஒருவர் சொல்வார். கிடைக்கவே கிடைக்காது என்று இன்னொருவர் சொல்வார். உண்மையில் அந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. காப்புறுதி நிறுவனம் உங்களை ஏற்றுக்கொள்ளுமா என்பது முதலாவது. ஏற்றுக்கொண்டால் எந்த நிபந்தனைகளுடன் ஏற்றுக்கொள்ளும் என்பது இரண்டாவது. நாளை ஒரு குறிப்பிட்ட நோய்க்காக மருத்துவமனையில் சேரும்போது அந்தச் செலவை அது ஏற்குமா என்பது மூன்றாவது. கார்டு கைக்கு வந்துவிட்டது என்பதை வைத்துக்கொண்டு மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டதாக நம்புவதுதான் பெரும்பாலான வருத்தங்களுக்குக் காரணம்.

இது நம்மவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய விஷயம். சுகாதார அமைச்சின் தேசிய சுகாதார ஆய்வு 2023-இல் மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவும், 29.2 விழுக்காட்டினருக்கு இரத்தக் கொதிப்பும் இருப்பதாகக் கண்டது. அதற்கு முந்தைய 2019 ஆய்வில் இந்தியர்களிடையே நீரிழிவு 31.4 விழுக்காடாக இருந்தது; அன்றைய தேசிய அளவு 18.3 விழுக்காடுதான். நம் வீடுகளில் காப்புறுதிப் பேச்சும் நாள்பட்ட நோய்ப் பேச்சும் சேர்ந்தே வருவதற்கு இந்த எண்களே போதுமான காரணம்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, "முன்பே இருந்த நோய்" என்று பாலிசி எதைச் சொல்கிறது என்பது. மருத்துவர் பெயர் சொல்லி அறிவித்த நோய் மட்டுமே இதில் அடங்கும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மலேசியாவில் விற்கப்படும் மருத்துவக் காப்புறுதிகளில் பொதுவாகக் காணப்படும் வரையறை அதைவிட விரிவானது. காப்புறுதி தொடங்கும் முன்பே உங்களுக்கு நியாயமான அளவில் தெரிந்திருந்த எந்தக் கோளாறும் அதில் அடங்கும். அதற்காக நீங்கள் சிகிச்சை பெற்றிருந்தாலோ, சிகிச்சையோ பரிசோதனையோ தேவை என்று மருத்துவர் ஆலோசனை கூறியிருந்தாலோ, தெளிவான அறிகுறிகள் வெளிப்பட்டிருந்தாலோ, உங்கள் நிலையில் இருக்கும் சாதாரண மனிதர் ஒருவருக்கு அது புலப்பட்டிருக்கும் என்றாலோ, உங்களுக்கு அது தெரிந்திருந்ததாகவே கொள்ளப்படும்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். பிறை தொழிற்பேட்டையில் வேலை செய்யும் 46 வயதுப் பெண்மணி ஒருவர், தலைசுற்றல் என்று பக்கத்துக் கிளினிக்கிற்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருக்கிறது. "ஒரு வாரம் கழித்து வெறும் வயிற்றோடு வந்து இரத்தம் கொடுங்கள்" என்று மருத்துவர் சொல்லி, அதை நோயாளி அட்டையில் எழுதியும் வைக்கிறார். அவர் திரும்பப் போகவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு பாரத்தில் "நீரிழிவு உண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதினால், அவர் மனமறிந்து பொய் சொன்னதாக ஆகாது. ஆயினும் பரிசோதனைக்குச் செல்லுமாறு சொல்லப்பட்டது அந்த அட்டையில் தேதியோடு பதிந்திருக்கிறது. பிற்காலத்தில் அவர் நீரிழிவு தொடர்பாகச் செலவைக் கோரினால், நிறுவனம் முதலில் கேட்டுப் பெறும் ஆவணங்களில் அந்த அட்டையும் இருக்கும்.

இதனாலேயே, "கார்டு எடுக்கும்வரை எந்தச் சோதனையும் செய்யாதீர்கள்" என்று சிலர் கூறும் யோசனையை நான் முற்றாக எதிர்க்கிறேன். அறிகுறிகள் இருந்தால், சோதனை செய்யாமல் இருப்பது உங்களைக் காப்பாற்றாது. வரையறையே அதற்கு இடம் தரவில்லை. அதற்கிடையில் சிறுநீரகமும் கண்ணும் அமைதியாகப் பாதிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். சோதனை செய்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, அந்தக் கட்டுப்பாட்டை ஆவணங்களால் காட்டும் ஒருவருக்குத்தான் நல்ல நிபந்தனைகள் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

அந்த ஆவணங்கள் என்னென்ன? நீரிழிவாளர்களிடம் நிறுவனம் முதலில் பார்க்க விரும்புவது எச்பிஏ1சி என்னும், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை. மலேசிய மருத்துவ வழிகாட்டியின்படி அது 6.3 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவாகக் கருதப்படுகிறது. பல நாடுகள் 6.5 என்ற அளவைப் பின்பற்றுவதால், இணையத்தில் வேறு நாட்டுத் தகவலைப் படித்துவிட்டு "எனக்கு 6.4 தான், நோயில்லை" என்று பாரத்தில் எழுதிவிடக் கூடாது. இதோடு சிறுநீரகச் செயல்பாட்டுப் பரிசோதனை, சிறுநீரில் புரதம், கொழுப்பு அளவு, இரத்தக் கொதிப்பு அளவுகள், கண் பரிசோதனை அறிக்கை, இப்போது உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர், அளவு ஆகியவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் தொடர் சிகிச்சை பெறுவோர் தங்கள் பதிவுப் புத்தகத்தின் பக்கங்களைப் படமெடுத்து வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். முழுமையான மருத்துவ அறிக்கை தேவைப்பட்டால், சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்திப் பெறலாம். அதற்குச் சில வாரங்கள் ஆகக்கூடும் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது.

அடுத்தது விண்ணப்பப் பாரம். தகுதியைத் தீர்மானிப்பதில் இதைவிட முக்கியமான தாள் வேறில்லை என்பதால் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டத்தின் 9-ஆவது அட்டவணையின்படி, தனிநபர் தமக்காக எடுக்கும் காப்புறுதியில் நிறுவனம்தான் குறிப்பான கேள்விகளைக் கேட்க வேண்டும். நீங்கள் நியாயமான கவனத்தோடு, தவறான தகவல் தராமல் பதில் சொல்ல வேண்டும். இஸ்லாமிய முறைக் காப்புறுதியான தக்காஃபுல் திட்டங்களுக்கு அதே ஆண்டில் வந்த இஸ்லாமிய நிதிச் சேவைகள் சட்டம் இதே கடமையை விதிக்கிறது. கேட்காத ஒன்றை நீங்களாகவே ஊகித்துச் சொல்லவில்லை என்பதற்காக உங்களைக் குறைகூற முடியாது. நீங்கள் ஒரு கேள்வியை வெறுமையாக விட்டு, நிறுவனமும் அதைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்காமல் பாலிசியைக் கொடுத்துவிட்டால், அந்தக் கேள்வியைப் பொறுத்தவரை அது தன் உரிமையை விட்டுக்கொடுத்ததாகவே சட்டம் பார்க்கிறது.

ஆனால் கேட்கப்படும் கேள்விகள் நாம் நினைப்பதைவிட அகலமானவை. "நீரிழிவு உண்டா?" என்பதோடு நிற்பதில்லை. "கடந்த ஐந்து ஆண்டுகளில் இரத்தப் பரிசோதனை, ஈசிஜி, எக்ஸ்-ரே, ஸ்கேன் போன்ற ஏதேனும் செய்ததுண்டா? முடிவு என்ன?", "தற்போது மருந்து ஏதேனும் உட்கொள்கிறீர்களா?", "வேறு நிறுவனம் உங்கள் விண்ணப்பத்தை நிராகரித்தோ, ஒத்திவைத்தோ, கூடுதல் பிரிமியம் கேட்டோ இருக்கிறதா?" என்ற வகையில் அவை நீளும். வேலை இடத்தில் ஆண்டுதோறும் செய்யும் பரிசோதனையும் இதில் அடங்கும் என்பது பலருக்கு நினைவில் வருவதில்லை.

இப்போது பெரும்பாலான விண்ணப்பங்களை முகவர் தம் டேப்லெட்டில் நிரப்புகிறார். அவர் கேள்விகளை வேகமாகப் படித்து, "இல்லை" என்ற கட்டத்தை வரிசையாகத் தொட்டு, கடைசியில் விரலால் கையெழுத்துப் போடச் சொல்லும் காட்சி நம் வீட்டு வரவேற்பறைகளில் சாதாரணமானது. அந்தக் கையெழுத்து உங்களுடையது என்பதால், எல்லாப் பதில்களும் உங்களுடையவையாகவே எடுத்துக்கொள்ளப்படும். "தம்பி, ஒவ்வொரு கேள்வியையும் மெதுவாகத் தமிழில் சொல்லுங்கள், பதிலை நானே பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்" என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டியதில்லை. "மாத்திரை சாப்பிடுவதை எழுத வேண்டாம் அக்கா, சின்ன விஷயம்தானே" என்று அவர் சொன்னால், அதை வாட்ஸ்அப்பில் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தரத் தயங்குகிறார் என்றால் அந்த யோசனையின் மதிப்பு உங்களுக்குப் புரிந்துவிடும். சமர்ப்பித்த பாரத்தின் நகலை வாங்கிப் பாலிசியோடு சேர்த்து வைப்பதும் அவசியம்.

பாரத்தைப் பார்த்த பிறகு நிறுவனம் பொதுவாக ஐந்து வகைகளில் ஒரு முடிவைத் தெரிவிக்கும். எந்த மாற்றமும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளலாம், கூடுதல் பிரிமியம் கேட்கலாம், குறிப்பிட்ட நோயை மட்டும் விலக்கிவிட்டு ஏற்கலாம், சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் மீண்டும் விண்ணப்பிக்கச் சொல்லி ஒத்திவைக்கலாம், அல்லது மறுக்கலாம். நோயின் பெயர் ஒன்றாக இருந்தாலும் முடிவு ஒன்றாக இருக்காது. ஒரே மாத்திரையில் இரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இருக்கும் 38 வயதுக்காரரையும், இன்சுலின் போட்டுக்கொண்டு சிறுநீரில் புரதமும் வெளியேறும் 58 வயதுக்காரரையும் நிறுவனம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. ஒரு நிறுவனம் மறுத்ததை இன்னொன்று விலக்கோடு ஏற்பதும் உண்டு. ஆகவே மற்றவருக்குக் கிடைத்தது, கிடைக்காதது என்பதை வைத்து உங்கள் தகுதியை முடிவு செய்ய வேண்டாம்.

விலக்கோடு ஏற்பதாக வரும் கடிதத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும். "நீரிழிவு விலக்கப்படுகிறது" என்பதற்கும், "நீரிழிவும் அதனால் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஏற்படும் அனைத்துச் சிக்கல்களும் விலக்கப்படுகின்றன" என்பதற்கும் நடைமுறையில் பெரிய இடைவெளி உண்டு. இரண்டாவது வாசகத்தின் கீழ் சிறுநீரகப் பாதிப்பு, கண் விழித்திரைப் பாதிப்பு, ஆறாத கால் புண் ஆகியவை வெளியே போய்விடும். மாரடைப்பு வந்தால் அதுவும் விவாதத்திற்கு உள்ளாகலாம். கையெழுத்துப் போடுமுன், "எனக்கு இதய அடைப்பு வந்தால் இந்த விலக்கைக் காட்டி மறுப்பீர்களா?" என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதில் பெறுவது ஐந்து நிமிட வேலை. இவ்வளவு விலக்கினால் கார்டு எதற்கு என்று மனம் சலிக்கவும் தேவையில்லை. டெங்கி, குடல்வால் அழற்சி, சாலை விபத்து, புற்றுநோய் போன்ற தொடர்பில்லாதவற்றுக்கு அந்தக் கார்டு அப்போதும் பயன்படும்.

காத்திருப்புக் காலம் என்ற ஒன்றும் இருக்கிறது. விபத்தைத் தவிர்த்த மற்ற நோய்களுக்குப் பெரும்பாலும் முதல் 30 நாட்கள் காப்பு இல்லை. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இதயநோய், கட்டிகள், சிறுநீரகக் கல், பித்தக்கல், மூலம், குடலிறக்கம், முதுகெலும்பு, முழங்கால் கோளாறுகள் முதலியவை முதல் 120 நாட்களுக்குள் தோன்றினால் அவற்றுக்குக் காப்பு கிடையாது. முன்பு எந்த நோயும் இல்லாதவருக்கும் இது பொருந்தும். பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் படித்துப் பார்த்து, வேண்டாமென்றால் திருப்பித் தரும் உரிமையும் உங்களுக்கு உண்டு. அந்த 15 நாட்களை விலக்குப் பக்கத்தைப் படிப்பதற்குப் பயன்படுத்துங்கள்.

இவ்வளவும் முடிந்து, ஒரு நாள் மருத்துவமனையின் சேர்க்கை முகப்பில் நிற்கிறீர்கள். கார்டையும் அடையாள அட்டையையும் கொடுத்ததும், மருத்துவமனை காப்புறுதி நிறுவனத்திடம், செலவை ஏற்பதாகச் சொல்லும் ஜி.எல். எனப்படும் உத்தரவாதக் கடிதம் கேட்கிறது. அதற்கான பாரத்தில் மருத்துவர் நிரப்ப வேண்டிய ஒரு வரி, இந்த நோய் எப்போது தொடங்கியது என்பது. வார்டில் இளம் மருத்துவர் வந்து "எத்தனை வருடமாக இரத்தக் கொதிப்பு, ஐயா?" என்று கேட்பார், நோயாளி "பத்து வருடம் இருக்கும்" என்று குத்துமதிப்பாகச் சொல்வார், அது அப்படியே பதிவாகும். பாலிசி எடுத்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தால், அந்த ஒரு வரியினால் கடிதம் நிறுத்தி வைக்கப்படும். சரியான ஆண்டு தெரியாவிட்டால் "நினைவில்லை, என் கிளினிக் புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்" என்பதே நேர்மையான, பாதுகாப்பான பதில். கடிதம் மறுக்கப்பட்டதாலேயே கோரிக்கை இறுதியாக நிராகரிக்கப்பட்டதாகவும் ஆகாது. சில வேளைகளில் பணத்தை முதலில் கட்டிவிட்டு, ஆவணங்களோடு பின்னர் கோர வேண்டியிருக்கும். அதேபோல் ஆரம்பக் கடிதம் கிடைத்துவிட்டால் முழுச் செலவும் உறுதியாகிவிட்டது என்றும் எண்ணக் கூடாது.

தவறான தகவல் கொடுத்திருந்தால் என்ன ஆகும்? எல்லாத் தவறும் ஒன்றல்ல என்று சட்டம் வகைப்படுத்துகிறது. வேண்டுமென்றே அல்லது பொறுப்பற்ற முறையில் சொன்னது என்று நிறுவனம் நிரூபித்தால், ஒப்பந்தத்தையே ரத்துச் செய்து எல்லாக் கோரிக்கைகளையும் மறுக்கலாம். கவனக்குறைவினால் நேர்ந்தது என்றால், உண்மை தெரிந்திருந்தால் நிறுவனம் என்ன செய்திருக்கும் என்று பார்க்கப்படும். மாதம் 200 ரிங்கிட் கட்டிவந்த ஒருவரிடம், உண்மை தெரிந்திருந்தால் 300 ரிங்கிட் வாங்கியிருக்கும் என்றால், 30,000 ரிங்கிட் செலவில் மூன்றில் இரண்டு பங்கான 20,000 ரிங்கிட்டை மட்டும் அது தரலாம்.  கவனத்தோடு பதில் சொல்லும் கடமை பாலிசியைப் புதுப்பிக்கும்போதும், காலாவதியான பாலிசியை உயிர்ப்பிக்கும்போதும் பொருந்தும்.

காலாவதி என்பதை நாள்பட்ட நோய் உள்ளவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். ஆரோக்கியமாக இருந்தபோது எடுத்த கார்டின் கீழ், பின்னாளில் வந்த நீரிழிவுக்குக் காப்பு தொடர்கிறது. பிரிமியம் கட்டாமல் அது நின்றுபோனால், மீண்டும் சேரும்போது உங்கள் இன்றைய உடல்நிலையை வைத்தே நிறுவனம் முடிவெடுக்கலாம். காத்திருப்புக் காலமும் மறுபடி தொடங்கலாம். புதிய திட்டம் மலிவு என்று யாராவது பழையதை நிறுத்தச் சொன்னால், புதிய நிறுவனத்தின் ஏற்புக் கடிதம் கையில் வந்து, காத்திருப்புக் காலமும் முடியும்வரை பழையதை விட்டுவிடாதீர்கள். பிரிமியம் ஏற்றத்தைத் தாங்க முடியவில்லை என்றால், செலவில் ஒரு பங்கை நாமே ஏற்கும் திட்டத்திற்கு மாற முடியுமா என்று அதே நிறுவனத்திடம் கேட்பது மேல். அத்தகைய திட்டங்களையும் வழங்க வேண்டும் என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2024 செப்டம்பரிலிருந்து நிறுவனங்களுக்கு விதித்திருக்கிறது. மாறும்போது மறுபடியும் உடல்நிலைக் கேள்விகள் வருமா என்பதை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை இடத்துக் குழுக் காப்புறுதி இங்கே பெரிய உதவி. பல முதலாளிகளின் திட்டங்கள் ஒவ்வொரு தொழிலாளியிடமும் உடல்நிலைக் கேள்வி கேட்பதில்லை; சிலவற்றில் முன்பே இருந்த நோய்க்கும் முதல் நாளிலிருந்தோ ஓராண்டுக்குப் பிறகோ காப்பு உண்டு. மனிதவளப் பிரிவில் கேட்டால் உங்கள் திட்டத்தின் விதி தெரிந்துவிடும். வேலையை விட்டாலோ பணி ஓய்வு பெற்றாலோ அது முடிந்துவிடும் என்பதால், 55 வயதில் யோசிக்கத் தொடங்குவது காலம் கடந்த செயல்.

நீரிழிவாளர்களுக்கென்றே விற்கப்படும் திட்டங்களும் உண்டு. அவற்றில் பல, மருத்துவமனைச் செலவை ஏற்பதற்குப் பதிலாக, குறிப்பிட்ட சிக்கல் வந்தால் ஒரு தொகையை ஒரே முறையில் தருபவை. கடும் நோய்க் காப்புறுதியும் அப்படித்தான்: நீரிழிவு அதன் பட்டியலில் இல்லை, சிறுநீரகச் செயலிழப்பும் பக்கவாதமும் உண்டு. மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் சாதாரண மெடிக்கல் கார்டு பொதுவாகப் பணம் தராது என்பதையும் தெரிந்து எடுக்க வேண்டும்.

தனியார் காப்புறுதி எதுவும் கிடைக்காதவர்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கான கட்டணம் 1 ரிங்கிட், அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட் என்ற வழி இருக்கவே இருக்கிறது. அரசின் ரொக்க உதவி பெறுவோரும் அவர்களின் துணைவரும் 40 வயது ஆகியிருந்தால் பெக்கா பி40 திட்டத்தில் இலவசமாக உடல் பரிசோதனை செய்துகொள்ளலாம். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் சந்தாதாரர்களுக்கு நிபந்தனைகளுக்கு உட்பட்டு டயாலிசிஸ் உதவியும் உண்டு.

நிறுவனம் உங்கள் கோரிக்கையை மறுத்தால், எந்த விதியின் கீழ், எந்த ஆவணத்தின் அடிப்படையில் மறுக்கிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். முதலில் அந்த நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுத வேண்டும். அதன் இறுதி முடிவு கிடைத்த ஆறு மாதத்துக்குள், எஃப்எம்ஓஎஸ் என்ற நிதிச் சந்தை நடுவர் அமைப்பிடம் கட்டணமின்றி முறையிடலாம். 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து செயல்படும் இந்த அமைப்பு, 250,000 ரிங்கிட் வரையிலான தகராறுகளை விசாரிக்கிறது. நீங்கள் சமர்ப்பித்த பாரத்தின் நகல், ஏற்புக் கடிதம், முகவரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், கிளினிக் புத்தகத்தின் பக்கங்கள் ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கிப் புகாரோடு இணையுங்கள். புகார்ப் பிரிவின் இறுதி முடிவுக் கடிதத்தில் இருக்கும் தேதியிலிருந்து ஆறு மாதம் எண்ணி, கடைசி நாளை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.